விசைப்பலகையும் விரற்பழக்கமும்

கணினியின் விசைப்பலகையிலே ஒரு விசையின்மேல் எவ்வெழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளதோ அவ்வெழுத்தே அதனை அழுத்தியவுடன் திரையில் தோன்றும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இஃது உண்மையன்று. விசையின்மேற் காணப்படுவது வெறும் மைப்பொறிப்பே. அழுத்தப்பட்ட விசை கணினிக்கு அனுப்புவது ஓர் எண்ணையேயன்றி எழுத்தையன்று. இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று பொருள் கற்பிப்பது கணினியினுள்ளே இருக்கும் ஓர் அட்டவணை. அட்டவணையைத் திருத்தினால், பலகையைத் தொடாமலே எழுத்துக்கள் இடம் மாறும். இதனையே விசைமாற்றம் என்கின்றோம். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் முதலிய இயக்குதளங்களில் இவ்வட்டவணை யாவரும் திறந்து படிக்கத்தக்க சாதாரண எழுத்துக் கோப்பாகவே அமைந்திருத்தலின், மாணவர் தம் கையாற் செய்து பார்த்துத் தெளிதற்கு அஃது ஏற்ற பாடமாகும்.

நம் பகுதி இளைஞர்க்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காயும் அன்று. 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் பயின்று 1923-இல் திரும்பிய ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவரால் சிவகாசியிலே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும், பின்னர்ப் பட்டாசுப் பெட்டிக்கும் ஒட்டுதற்கு வண்ணச் சீட்டுக்கள் வேண்டியிருந்தன. அத்தேவையைப் பற்றிக்கொண்டு அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் அங்கே வெளியிடப்படுகின்றன. நாட்காட்டியின் தாள் ஒவ்வொன்றிலும் திதியும் நட்சத்திரமும் இராகுகாலமும் நல்ல நேரமும் நெருக்கமாக அச்சாகியிருத்தலை நாம் நாள்தோறும் கிழித்தெறியும்போது கவனிப்பதில்லை. அவ்வெழுத்துக்களை யெல்லாம் யாரோ ஒருவருடைய விரல்கள் அடித்திருக்கின்றன. முற்காலத்தில் அவ்வேலையைச் செய்தவர் ஈய எழுத்துக்களை அறைப்பெட்டியினின்றும் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்போர். இக்காலத்தில் செய்பவர் டி.டி.பி. ஆப்பரேட்டர் எனப்படுவோர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்ற ஒருவருக்கு விரலின் வேகமே வருவாய். ஆதலின் எந்த விசையில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்னும் வினா, அவரளவிலே, அடுப்பெரிவதைப் பற்றிய வினாவாகும்.

இவ்வினாவுக்குத் தமிழில் முதன்முதல் விடைகாண முயன்றோருள் தலையானவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயா நாடு சென்று, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா ஆவர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்களை, ஐம்பதுக்குக் குறைந்த விசைகளையுடைய ஒரு பொறியில் அடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விசைக்கும் மேல், கீழ் என இரண்டு எழுத்துக்கள் கொடுத்தாலும் நூற்றைத் தாண்ட இயலாது. அவர் எழுத்துக்களை முழு வடிவாகக் கொள்ளாமல், துணைக்கால், கொம்பு, புள்ளி எனக் கூறுகளாகப் பிரித்து, கூறுகளைச் சேர்த்து எழுத்தை உண்டாக்கும் வழியை வகுத்தார். அவர் அமைத்த பொறி ஜெர்மனியிலே செய்விக்கப்பெற்றது. அவ்வழியிலே வளர்ந்த தட்டச்சுப் பலகையின் நடுவரிசை ய, ள, ன, க, ப என இடக்கையிலும், துணைக்கால், த, ம, ட என வலக்கையிலும் அமைந்தது. விருதுநகரிலோ சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் வாயிலைக் கடந்து சென்றவர், ‘யளனகபக’ என்று பக்கம் பக்கமாக அடித்துப் பழகும் ஓசையைக் கேட்டிருப்பர்.

தட்டச்சுப் பொறியின் உள்ளமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பின்னர் வரப்போகும் சிக்கலுக்கு அதுவே விதையாதலின் ஈண்டுச் சற்று நின்று நோக்குதல் தகும். ஒரு விசையை அழுத்தினால் எழுத்துப் பதிந்து தாளும் ஓரிடம் நகரும். ஆனால் புள்ளி முதலிய சில குறிகளுக்குரிய விசைகள் தாளை நகர்த்தா. ஆகவே ‘க்’ என்று அடிக்க வேண்டின் முதலிற் புள்ளியை அடித்து, தாள் நகராத அவ்விடத்திலேயே ககரத்தை அடிக்க வேண்டும். கொம்போ எழுத்துக்கு இடப்புறம் நிற்பது. ஆதலின் ‘கெ’ என்பதற்கு முதலிற் கொம்பு, பின்னர்க் ககரம். பொறி அறிந்தது தாளின்மேல் இடமும் வலமுமே. எழுத்தின் ஒலிமுறையில் மெய் முன்னும் உயிர் பின்னும் வரும் என்பதை அஃது அறியாது. அதனிடம் பயின்ற விரலும், கண்ணுக்கு எது முதலில் தோன்றுகின்றதோ அதனையே முதலில் அடிக்கும் பழக்கமுடையதாயிற்று.

கணினி வந்தபொழுது என்ன நிகழ்ந்தது? ஆங்கில எழுத்துக்களை மட்டும் அறிந்த கணினிகளில் தமிழை ஏற்றுதற்கு ஒரு குறுக்குவழி கண்டனர். விசையின் அட்டவணையை அவர் தொடவில்லை, எழுத்துருவையே மாற்றினர். ஆங்கில ‘ஜே’ இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தின் வடிவத்தையும், ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் மகரத்தின் வடிவத்தையும் வரைந்து வைத்தனர். பாமினி போன்ற எழுத்துருக்கள் இவ்வகையின. அவற்றில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தோன்றுவது, கணினியின் நினைவிலே ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கின்றது. இது விசைமாற்றம் அன்று, முகமூடி. தட்டச்சுப் பலகையின் இடங்களை இவ்வெழுத்துரு பெரும்பாலும் காத்தமையால் விரல்களுக்கு வேலை எளிதாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. புள்ளியை மட்டும் எழுத்துக்குப் பின் அடிக்கப் பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. கொம்பு முன்போலவே முன்னின்றது.

முகமூடியின் குறை, கோப்பு வேறொரு கணினிக்குச் சென்றவுடன் வெளிப்படும். அங்கே அவ்வெழுத்துரு இல்லையாயின் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாய் நிற்கும். எழுத்துரு இருந்தாலும், ‘அமாவாசை’ என்னும் சொல் ஆண்டு முழுமைக்கும் எங்கெங்கே வருகின்றது என்று தேடினாற் கணினி திகைக்கும். அதன் நினைவில் அமாவாசை என்பதே இல்லை. பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொன்னால், அஃது ஆங்கில நெடுங்கணக்கின்படி வரிசைப்படுத்தித் தரும். பட்டாசுப் பெட்டியின் எச்சரிக்கை வாசகம் ஒன்றைப் பழைய கோப்பினின்றும் எடுத்துப் புதிய சீட்டில் ஒட்டும்போது, எழுத்துரு மாறி ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும், கணினி அதனைப் பிழையென்று காட்டமாட்டாது. சிறுவர் கையில் வெடிக்கும் பொருளின்மேல் ‘விலகி நிற்க’ என்பது பிழையின்றி இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நம் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

யூனிக்கோடு என்னும் உலகப் பொது எழுத்தெண் முறை இதற்கு உரிய மருந்தாய் வந்தது. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. ஒற்றைக் கொம்பின் எண் 3014. தமிழ்நாட்டரசும் 2010-இல் யூனிக்கோடையும், அதனோடு டேஸ்16 என்னும் மற்றொரு முறையையும் ஏற்றுக்கொண்டது. யூனிக்கோடின் விதியிலே ‘கெ’ என்பது 2965, 3014 என்னும் வரிசையிற் சேமிக்கப்படும். அஃதாவது மெய்க்குரிய எழுத்து முன், உயிர்க்குறி பின். கொம்பை இடப்புறம் கொண்டுபோய் வைத்துக் காட்டுவது எழுத்துருவின் கடமை. இஃது ஒலிமுறைக்கு இயைந்தது, இலக்கணத்துக்கும் இயைந்தது. தட்டச்சு விரலுக்கு மட்டும் நேர்மாறானது.

இனி லினக்ஸில் ஒரு விசை அழுத்தப்பட்டது முதல் எழுத்துத் தோன்றுவது வரை நிகழ்வதைப் பார்ப்போம். நடுவரிசையில் வலக்கைச் சுட்டுவிரல் சற்று இடம் சாய்ந்து தொடும் ‘எச்’ விசையை எடுத்துக்கொள்வோம். யூ.எஸ்.பி. விசைப்பலகை அதனை 11 என்று அறிவிக்கின்றது. இயக்குதளத்தின் கருவாகிய கெர்னல் அதனை 35 என மாற்றுகின்றது. அடுத்து நிற்கும் திரையமைப்பு அதனோடு 8 கூட்டி 43 என்கின்றது. எக்ஸ் என்னும் பழைய திரையமைப்பின் விதிப்படி 8-க்குக் குறைந்த விசையெண் இருத்தல் கூடாது என்பதே இக்கூட்டலின் காரணம். ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயராலும் பள்ளியில் ஒரு பெயராலும் பட்டாவில் ஒரு பெயராலும் வழங்குதல் போன்றதே இதுவும்.

இம்மூன்று வாயில்களுள் எதிலும் நாம் விசையை மாற்றலாம். கெர்னல் வாயிலில் மாற்றினால், திரையமைப்பு எதுவாயினும் அம்மாற்றம் செல்லும். கீடி போன்ற கருவிகள் அங்கே வேலை செய்கின்றன. திரையமைப்பின் வாயிலில் இருப்பது எக்ஸ்கேபி என்னும் அட்டவணைத் தொகுதி. இதுவே நாம் கற்கத்தக்கது. யூஎஸ்ஆர், ஷேர், எக்ஸ்11, எக்ஸ்கேபி, சிம்பல்ஸ் என ஒன்றனுள் ஒன்றாக அமைந்த அடைவுகளைத் திறந்து சென்றால், இந்திய மொழிகள் யாவும் ‘இன்’ என்னும் பெயருடைய ஒரே கோப்பில் குடியிருத்தலைக் காணலாம். இலங்கைக்குரிய தமிழமைப்பு ‘எல்கே’ என்னும் கோப்பிலே தனியே உள்ளது. அக்கோப்புக்களில் விசைகளுக்கு எழுத்துப் பெயர் இல்லை. தேர்வுக்கூடத்தின் இருக்கை எண்போல வரிசையும் நிரலுமே பெயர். இடைவெளிப் பட்டை உள்ள அடிவரிசை ‘ஏ’, அதற்கு மேல் ‘பி’, நடுவரிசை ‘சி’, அதற்கு மேல் ‘டி’, இலக்க வரிசை ‘இ’. நாம் எடுத்துக்கொண்ட விசை நடுவரிசையில் ஆறாவது, ஆகவே ‘ஏசி06’. அப்பெயருக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதப்படும் எழுத்துத் தனியே அழுத்தும்போது வருவது; இரண்டாவது ஷிப்டுடன் வருவது; மூன்றாவதும் நான்காவதும் வலப்புற அல்ட் விசையோடு வருவன. அங்கே ககரத்தை எழுதிவிட்டால் அவ்விசை ககரம் தரும். இத்துணை எளிது.

எளிதாயின் தட்டச்சு பயின்றவர் துன்பம் இவ்வளவில் தீர்ந்ததன்றோ எனின், தீரவில்லை. விருதுநகரிலே தட்டச்சுத் தேர்வில் முதுநிலை தேறிய ஒரு பெண் லினக்ஸ் கணினி உள்ள ஓர் அச்சகத்தில் வேலைக்கு அமர்கின்றாள் என்று கொள்வோம். அவளுக்காக ஒருவர் எக்ஸ்கேபி அட்டவணையைத் திறந்து, ய, ள, ன, க என்று தட்டச்சு இடங்களிலேயே யூனிக்கோடு எழுத்துக்களை எழுதி வைக்கின்றார். அவள் ‘வெடி’ என்று அடிக்கின்றாள். பழக்கப்படி விரல் முதலிற் கொம்பை அடிக்கின்றது, பின்னர் வகரம். கணினியோ கொம்பு தனக்கு முன் மெய்யில்லாமல் அநாதையாய் வந்தது கண்டு, ஒரு புள்ளிவட்டத்தை வரைந்து அதனருகே கொம்பை மாட்டி, அதன்பின் வகரத்தைத் தனியே நிறுத்துகின்றது. ‘வெடி’ என்பதைத் திரையில் எங்கும் காணோம். ஆறு மாதம் பயிலகத்தில் உழைத்துப் பெற்ற திறமை ஒரு நொடியிற் பயனற்றதாகத் தோன்றும்பொழுது, அப்பெண் குறைகூறுவது தன்னையே. உண்மையிற் குறை அட்டவணையின் இயல்பிலே உள்ளது. எக்ஸ்கேபி அட்டவணைக்கு ஞாபகம் கிடையாது. இப்போது வந்த விசைக்கு இப்போதே எழுத்தைக் கொடுத்துவிடும். சற்று முன் வந்தது கொம்பு, ஆகவே அடுத்த எழுத்து வரும்வரை காத்திருந்து வரிசையைப் புரட்டிக் கொடுக்கவேண்டும் என்னும் அறிவு அதற்கு இல்லை.

அவ்வறிவுடையது உள்ளீட்டு முறை எனப்படும் மற்றொரு அடுக்கு. அஃது எக்ஸ்கேபிக்குப் பின்னும், நாம் எழுதும் செயலிக்கு முன்னும் நிற்பது. ஜப்பான் நாட்டு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் உருவான எம்17என் என்னும் நூலகமும், அதனை மேசைக் கணினியோடு இணைக்கும் ஐபஸ் என்னும் கருவியும் இவ்வகையின. எம்17என் தொகுப்பிலே தமிழுக்குத் தட்டச்சு, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு எனப் பல முறைகள் ஆயத்தமாக உள்ளன. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு எழுத்துக் கோப்பே. இன்ன விசைத்தொடர் வந்தால் இன்ன எழுத்துத்தொடரைக் கொடு என்னும் விதிகள் அதில் நிரல்பட நிற்கும். கொம்பும் வகரமும் வந்தால் வகரமும் கொம்புமாகக் கொடு என்பது அவ்விதிகளுள் ஒன்றாக இருக்கலாம். புள்ளியை முன் அடிப்பவருக்கும், பாமினியிற் பழகிப் பின் அடிப்பவருக்கும் தனித்தனி விதி எழுதிக்கொள்ளத் தடையில்லை. அச்சகத்தில் ஒரே கணினியை மூவர் மாறி மாறிப் பயன்படுத்தினால் மூவருக்கும் மூன்று முறை இருக்கலாம். நினைவிற் சேமிக்கப்படும் தமிழோ ஒன்றே. முகமூடி எழுத்துருவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

தமிழ்99 முறையைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். 1999 பிப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாக எழுந்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசால் ஏற்கப்பெற்ற இம்முறை, இலக்கணத்தைப் பலகையின்மேல் விரித்து வைத்தாற்போல் அமைந்தது. பன்னிரண்டு உயிர்களும் இடக்கையில். வகரமும் ஙகரமும் ஒழிந்த பதினாறு மெய்களும் வலக்கையில். நடுவரிசையில் க, ப, ம, த, ந. புள்ளியையும் சேர்த்து 31 விசைகளே வேண்டும். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே ஏறும். இன எழுத்துக்களுக்கும் அவ்வாறே: ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’, ணகரத்தை அடுத்து டகரம் வந்தால் ‘ண்ட’. மெல்லினத்தின் பின் அதன் இனமான வல்லினம் வரும் என்று நாம் ஏட்டிற் படித்த விதி விரலுக்கு உழைப்பு மிச்சமாக்குவது கண்டு வியப்படைகின்றோம். ‘அம்மா’ என்பதற்குத் தட்டச்சில் ஐந்து அடி. தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என நான்கே. ‘மமதை’ போன்ற சொல்லில் மட்டும் முதல் மகரத்தின்பின் அகரத்தை அடித்து, புள்ளி ஏறாமல் தடுக்கவேண்டும். அத்தகைய சொற்கள் தமிழில் அரியன. இவ்விதிகளும் ஞாபகம் வேண்டுவன ஆதலின், தமிழ்99-க்கும் வெறும் எக்ஸ்கேபி போதாது, உள்ளீட்டு முறையே வேண்டும்.

இன்ஸ்கிரிப்ட் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மொழிகள் யாவற்றிலும் ஒரே ஒலிக்கு ஒரே இடம் என்பது அதன் கொள்கை. வர்க்க எழுத்துக்கள் இல்லாத தமிழுக்கு அதிற் பல விசைகள் வெறுமையாகக் கிடக்கும்.

புதிதாகக் கற்பவர் தமிழ்99-ஐக் கற்பதே நன்று என்பது எம் கருத்து. ஆனால் முன்னரே தட்டச்சிற் பயின்று அதனாற் பிழைப்பவரை, ‘அது பழையது, மறந்துவிடுக’ என்று ஏவுதல் நியாயமன்று. ஷோல்ஸ் என்பார் 1868-இல் உரிமைபெற்ற தட்டச்சுப் பொறியின் வழிவந்த ஆங்கிலப் பலகையை, அதனினும் சிறந்தது என்று டுவோராக் 1936-இல் உரிமை பதிந்த பலகை இன்றுவரை வெளியேற்றவில்லை. பழகிய விரலின் வலிமை அத்தகையது. இயந்திரம் விரலுக்கு இணங்கத்தக்கதாய் இருக்கும்போது விரலை இயந்திரத்துக்கு வளைப்பானேன்?

செய்து பார்க்க விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புக்கள். முதலில் ‘கேப்ஸ் லாக்’ விசையிலிருந்து தொடங்குக. தமிழுக்குப் பேரெழுத்து சிற்றெழுத்து என்னும் பிரிவில்லை. ஆங்கிலத்திலும் அவ்விசைக்கு வேலை சொற்பம். நடுவரிசையில் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும் அதனை, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் விசையாகவோ, கண்ட்ரோல் விசையாகவோ ஆக்கலாம். எக்ஸ்கேபியில் இதற்கெனத் தனி விருப்பங்கள் ஆயத்தமாகவே உள்ளன. ஒரு விசை பழுதுபட்டால், பயன்படாத மற்றொன்றை அதற்குப் பதிலாக நிறுத்தலாம். எந்த விசை என்ன எண் தருகின்றது என்பதை ‘எக்ஸெவ்’ என்னும் சிறு நிரல் காட்டும். ‘செட்எக்ஸ்கேபிமேப்’ என்னும் கட்டளையாற் செய்த மாற்றம் அந்த அமர்வு முடிந்ததும் மறைந்துவிடும். ஆகவே அதிற் சோதித்துத் தெளிந்த பின்னரே நிலையான கோப்பில் எழுதுக. கணினிக்குரிய பொதுக் கோப்பைத் திருத்தினால் அடுத்த மேம்படுத்தலில் உம் உழைப்பு அழிந்துபோகலாம். உம் வீட்டு அடைவிலே தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது மேல். ‘எக்ஸ்மாட்மேப்’ என்னும் பழைய கருவியைப் பற்றிப் பல புத்தகங்கள் பேசும். 2016-இல் பெடோரா 25 முதலாக வேலண்ட் என்னும் புதிய திரையமைப்பு இயல்பமைப்பாக வரத் தொடங்கியபின், அக்கருவி அங்கே பயன்படுவதில்லை. எக்ஸ்கேபி அட்டவணைகளோ வேலண்டிலும் வழங்குகின்றன.

அடிப்படை ஆங்கில அமைப்பைக் கலைத்தால் தமிழும் கலையும் என்பதையும் நினைவிற் கொள்க. உள்ளீட்டு முறை எக்ஸ்கேபிக்குப் பின் நிற்பதாதலின், அது பெறுவது மாற்றப்பட்ட எழுத்துக்களையே. டுவோராக் பலகையின்மேல் தமிழ்99-ஐ ஏற்றினால் ககரம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். மற்றொன்று: கடவுச்சொல் கேட்கும் முகப்புத்திரையில் நீர் செய்த விசைமாற்றம் இல்லாதிருக்கக்கூடும். மாற்றிய விசையால் அடித்த கடவுச்சொல்லை வைத்துவிட்டு, மறுநாட் காலையிற் கணினிக்கு வெளியே நிற்க நேராதபடி பார்த்துக்கொள்க.

பழைய கோப்புக்களைப் பொறுத்தவரை விசைமாற்றம் உதவாது. அவை முகமூடியிலே எழுதப்பட்டு முடிந்தவை. பாமினி எழுத்தை யூனிக்கோடாக மாற்றும் நிரல்கள் உள்ளன; ஆயினும் கொம்பின் இடத்தை அவை புரட்டும்போதும், ஒரே கோப்பில் ஆங்கிலமும் கலந்திருக்கும்போதும் பிழை நேர்தல் இயல்பு. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தே தீரவேண்டும். காலண்டர்க் கோப்பாயின் முந்நூற்றறுபத்தைந்து தாள்களையும். பட்டாசுச் சீட்டாயின் முதலில் எச்சரிக்கை வாசகத்தை.